பத்து வருட விசா, ஆறு மாதத் தங்கல்: பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோருக்கான கணக்கு

அமெரிக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது காலாவதி தேதியைத்தான். இந்தியர்களுக்குத் தரும் பி1/பி2 பார்வையாளர் விசாவில் அது வழக்கமாகப் பத்து வருடம் தள்ளி இருக்கும். "பத்து வருஷத்துக்குக் கொடுத்துட்டான்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகும். ஆனால் அந்தத் தேதிக்கும், அமெரிக்காவில் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பெற்றோர் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாதி இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் கிளம்புகிறது.

விசாவில் உள்ள தேதி, அமெரிக்க விமான நிலையத்தில் போய் நின்று "உள்ளே விடுங்கள்" என்று கேட்பதற்கான கடைசி நாள். அந்தக் கடைசி நாளில் போய் இறங்கினாலும் ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கலாம். மறுபக்கம், விசாவில் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி இருந்தாலும், தங்க அனுமதித்த தேதி நேற்றோடு முடிந்திருந்தால் இன்று நீங்கள் அங்கே சட்டப்படி இல்லை. தங்கும் நாளைத் தீர்மானிப்பது ஐ-94 என்ற பதிவு. அதைப் போடுவது சென்னை கன்சலேட் அல்ல. இறங்கும் இடத்தில் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் எல்லைக் காவல் அதிகாரி. இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் விண்ணப்பம். டிஎஸ்-160 படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். நிரப்பத் தொடங்கியதும் வரும் விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; இருபது நிமிடம் சும்மா விட்டால் தளம் வெளியே தள்ளிவிடும், அந்த எண் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். போட்டோ இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, மூக்குக்கண்ணாடி கூடாது. கட்டணம் 2023 ஜூனிலிருந்து 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது.

தமிழர்களுக்கென்றே இந்தப் படிவத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நம்மூரில் எத்தனையோ பேருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். பெயர் முழுவதும் 'கிவன் நேம்' கட்டத்தில் இருக்கும். டிஎஸ்-160 குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. அதனால் சிலர் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ தாங்களாகவே பிரித்து அங்கே போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாஸ்போர்ட் ஒரு பெயரும் விசா இன்னொரு பெயரும் சொல்லும். சரியான முறை: பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே குடும்பப் பெயர் கட்டத்தில் இட்டு, கிவன் நேம் கட்டத்தில் 'எஃப்என்யு' என்ற மூன்று எழுத்துகளை இடுவது. முதல் பெயர் இல்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் குறியீடு அது. விசாவிலும் அப்படியே அச்சாகி வரும். "அம்மா பேரு எஃப்என்யு-ன்னு வந்திருக்கு" என்று பதற வேண்டாம். விமான டிக்கெட்டில் ஒற்றைப் பெயரை எப்படி இடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் போடும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கிச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டை எப்படியும் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அப்போதே குடும்பப் பெயரைச் சேர்த்துவிடுவது பிற்காலத்துக்கு நிம்மதி.

படிவத்தில் இன்னும் மூன்று கேள்விகளைக் கவனியுங்கள். இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா? இருபது வருடம் முன்பு மறுத்திருந்தாலும் 'ஆம்'தான். அவர்கள் பதிவில் அது இருக்கிறது. உங்கள் பேரில் யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா? மகன் அமெரிக்கக் குடிமகனாகி அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு மனு போட்டிருந்தால் இதை மறைக்கவே கூடாது. கடைசி ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகள்? ஃபேஸ்புக் வைத்திருக்கும் அம்மாவுக்கு மகன் அவசரத்தில் 'எதுவுமில்லை' என்று தட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. படிவத்தை நிரப்புவது மகன், பதில் சொல்லப்போவது அம்மா. அதனால் அனுப்பும் முன் ஒருமுறை முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது இரண்டு அப்பாயின்ட்மென்ட்: விசா மையத்தில் கைரேகையும் போட்டோவும், பிறகு கன்சலேட்டில் நேர்காணல். வயதானவர்கள் நேரில் வர வேண்டியதில்லை என்ற பழைய சலுகையை நம்பி இருக்காதீர்கள். 2025 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். எண்பது வயதுப் பாட்டியும் பொதுவாக நேர்காணலுக்குப் போயாக வேண்டும். முழுக் காலத்துக்குத் தரப்பட்ட பழைய பி விசா முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் புதுப்பிப்பவர்களுக்கு மட்டும் விலக்குக்கு வாய்ப்பு இருக்கிறது. சென்னை கன்சலேட்டில் தமிழிலேயே பேசலாம். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசி, கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது.

நேர்காணல் இரண்டு மூன்று நிமிடம்தான். கேள்விகளும் ஒன்றும் புதிர் இல்லை. எதற்குப் போகிறீர்கள், யார் வீட்டுக்கு, மகள் என்ன வேலை பார்க்கிறார், எந்த ஊர், எத்தனை நாள், செலவு யார் பார்க்கிறார்கள், இங்கே யார் இருக்கிறார்கள். இத்தனைக்கும் பின்னால் ஒரே சட்டப் பிரிவுதான் நிற்கிறது: 214(பி). விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே குடியேற வருகிறார் என்று எடுத்துக்கொண்டுதான் அதிகாரி ஆரம்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். இல்லை, திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஓய்வூதியம், சொந்த வீடு, விவசாய நிலம், உள்ளூரில் இருக்கும் இன்னொரு பிள்ளை, நடத்தும் கடை ஆகியவையெல்லாம் வாய்வழியாக வர வேண்டும். கையில் கட்டாகக் கொண்டுபோகும் பத்திரங்களை அதிகாரி பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "வங்கியில் இருபது லட்சம் காட்டினால்தான் விசா" என்று சொல்லி, கடன் வாங்கிக் கணக்கில் போடவைக்கும் ஏஜென்டுகளின் பேச்சு வீண்செலவு. மாதம் முப்பதாயிரம் பென்ஷன் வாங்கும் ஒருவர் கணக்கில் போன வாரம் திடீரென்று விழுந்த இருபது லட்சம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

"எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு "ஆறு மாசம் தருவீங்கள்ல, அதுவரைக்கும்" என்பது மோசமான பதில். உங்கள் திட்டம் என்ன என்று கேட்கிறார்கள். சட்டத்தின் உச்சவரம்பை அல்ல. "மே மாசம் போய், பேத்தி பிறந்தநாள் முடிச்சுட்டு ஆகஸ்ட்ல வர்றோம்" என்பது பதில். மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போவது தவறே இல்லை, அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் "ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லை, அதான் போறேன்" என்று சொன்னால் விஷயம் மாறிவிடும். காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையைச் செய்ய வருகிறார் என்று அதிகாரி எடுத்துக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது. பேரனைப் பார்க்கப் போவதும், பேரனுக்கு ஆயாவாகப் போவதும் நமக்கு ஒன்றுதான், அவர்களுக்கு அல்ல. இதற்காகப் பொய் சொல்லவும் கூடாது. முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னது நிரூபணமானால் வருவது ஒரு மறுப்போடு முடியாது. நுழையவே முடியாதபடி நிரந்தரத் தடை.

மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது. புதுப் படிவம், புதுக் கட்டணம், மறுபடி வரிசை. சூழ்நிலை எதுவும் மாறாமல் அடுத்த மாதமே போய் நிற்பதில் பயனில்லை. 221(ஜி) என்று சீட்டு கொடுத்தால், இன்னும் ஏதோ ஆவணமோ சரிபார்ப்போ பாக்கி என்று பொருள். கேட்டதை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இனி விமான நிலையம். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்க அதிகாரிகளே அங்கே இருக்கிறார்கள். இரண்டாவது அறைக்கு அனுப்பி விசாரித்தால் நேரம் ஓடும், ஆகவே அங்கே இணைப்பு விமானத்துக்கு நல்ல இடைவெளி வைத்து டிக்கெட் எடுங்கள். மற்ற வழிகளில் போனால், அமெரிக்காவில் முதலில் தரை தொடும் ஊரில்தான் எல்லாம். சிகாகோவில் இறங்கி டாலஸ் போவதாக இருந்தால் சிகாகோவில். நேர்காணலில் சொன்னதும் கவுன்டரில் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். கன்சலேட்டில் மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு, ஐந்தரை மாதம் கழித்துத் திரும்பும் டிக்கெட்டோடு நின்றால் கேள்வி வரும்.

பி2-வில் வருபவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம். குறைத்துக் கொடுக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. விமானத்தில் வருபவர்களுக்கு 2013-இலிருந்து காகித ஐ-94 அட்டை கிடையாது. பல விமான நிலையங்களில் இப்போது முத்திரையும் குத்துவதில்லை. ஆகவே பாஸ்போர்ட்டை எத்தனை முறை புரட்டினாலும் எந்தத் தேதியும் தெரியாது. போய் இறங்கிய ஓரிரு நாளில் எல்லைக் காவல் துறையின் ஐ-94 தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு ஆகியவற்றைக் கொடுத்து, கடைசி ஐ-94-ஐ எடுத்து அச்சிட்டு வையுங்கள். அப்பாவுக்குத் தனியாக, அம்மாவுக்குத் தனியாக. பார்க்க வேண்டியவை: பெயர், பாஸ்போர்ட் எண், பி2 என்ற வகை, எதுவரை தங்கலாம் என்ற தேதி. பிழை இருந்தால் விமான நிலையங்களை ஒட்டி இருக்கும் 'டெஃபர்ட் இன்ஸ்பெக்ஷன்' அலுவலகத்தில் திருத்திக் கொடுப்பார்கள். வந்த வாரத்திலேயே போனால் இது சின்ன வேலை.

அந்தத் தேதியை நெருங்கிப் பார்ப்போம். ஜனவரி 10 அன்று உள்ளே வந்தவருக்கு வழக்கமாக ஜூலை 9 என்று விழும். ஜூலை 9-க்குள் அமெரிக்காவை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இப்போது மகன் டிக்கெட் எடுக்கிறார்: "ஒன்பதாம் தேதி ராத்திரி ஃப்ளைட்". விமானம் கிளம்புவது நள்ளிரவு தாண்டி 12.40-க்கு. டிக்கெட்டில் அது ஜூலை 10. வீட்டிலிருந்து ஒன்பதாம் தேதி இரவே கிளம்பி, விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் ஒரு நாள் கூடிவிட்டது. அந்த ஒரு நாள் போதும்; 222(ஜி) பிரிவின்படி பத்து வருட விசா அந்த நிமிடமே செல்லாததாகிவிடும். ஸ்டிக்கர் பாஸ்போர்ட்டில் பளபளவென்று அப்படியே இருக்கும், யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். அடுத்த முறை பேத்தி கல்யாணத்துக்குப் போய் இறங்கும்போதுதான் தெரியும். அதனால் கடைசி நாளில் டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். பனிப்புயல், ரத்தான விமானம் எல்லாம் இருக்கிறது. குறைந்தது ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

ஒரு நாளைக்கே இப்படி என்றால், நீண்டால் தண்டனையும் நீளும். 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் சட்டவிரோதமாக இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம் நுழைய முடியாது. ஒரு வருடத்தை எட்டினால் பத்து வருடம்.

தேதி குறைந்துபோகும் இன்னொரு வழி பாஸ்போர்ட். அப்பாவின் பாஸ்போர்ட் நான்கு மாதத்தில் முடிகிறது, அம்மாவுடையதில் எட்டு வருடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கவுன்டரில், ஒரே அதிகாரி, அம்மாவுக்கு ஆறு மாதமும் அப்பாவுக்கு அவர் பாஸ்போர்ட் முடியும் நாள்வரையும் போட்டுவிடலாம். வீட்டில் அம்மாவின் ஐ-94-ஐ மட்டும் பார்த்துவிட்டு இருவருக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட் எடுத்தால், அப்பா இரண்டு மாதம் சட்டத்துக்கு வெளியே இருந்திருப்பார். அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் புது பாஸ்போர்ட் வாங்கிவிட்டதால் ஐ-94 தானாக நீளாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலேயே புதுப்பித்துவிட்டுக் கிளம்புவதுதான் வழி. பழைய பாஸ்போர்ட்டில் உள்ள விசா செல்லும். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனால் போதும். ஸ்டிக்கரைப் பிய்த்துப் புதியதில் ஒட்ட முயன்றால் விசாவே போய்விடும்.

உண்மையிலேயே கூடுதலாகத் தங்க வேண்டி வந்தால் ஐ-539 விண்ணப்பம். ஐ-94 தேதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். 45 நாள் முன்னதாகவே போடச் சொல்கிறது குடியேற்றத் துறை. கட்டணம் 2024 ஏப்ரலிலிருந்து இணையத்தில் 420 டாலர், காகிதத்தில் 470. அப்பாவும் அம்மாவும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே கட்டணத்தில் சேரலாம். ஏன் நீட்டிப்பு, செலவுக்கு என்ன வழி, எப்போது திரும்புவீர்கள் என்ற மூன்றுக்கும் ஆதாரம் வேண்டும். அறுவை சிகிச்சை, பிரசவத்தில் சிக்கல் போன்றவை காரணம். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமேன்னு" என்பது காரணம் ஆகாது. நேரத்தோடு போட்ட விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை தங்கியிருக்கலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆவதால், பலர் முடிவு வருவதற்கு முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள். என் கணிப்பில் அதுதான் பாதுகாப்பு. ஐ-94 தேதி தாண்டியபின் மறுப்பு வந்தால் பழைய தேதியிலிருந்து கேள்வி கிளம்பும். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த முறை கவுன்டரில் "போன தடவை ஏன் எட்டு மாதம்?" என்று கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான்.

கனடா எல்லையைத் தாண்டிவிட்டு வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று தமிழ்ச் சங்க விருந்துகளில் யாராவது ஒருவர் அடித்துச் சொல்லுவார். அது உரிமை அல்ல. பழைய தேதியையே வைத்துக்கொள்ளச் சொல்லலாம், தந்திரமாகத் தெரிந்தால் திருப்பியும் அனுப்பலாம். கனடா போவதற்கு இந்தியருக்குத் தனி விசா வேண்டும் என்பது வேறு.

வருடத்துக்கு ஆறு மாதம் இருக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு பயணங்களுக்கு நடுவே இத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஐந்தரை மாதம் அங்கே, ஒன்றரை மாதம் ஊரில், மறுபடி ஐந்து மாதம் அங்கே என்று போனால், அதிகாரியின் திரையில் பயண வரலாறு வரிசையாகத் தெரியும். இவர் பார்க்க வருகிறவரா, குடியிருக்கிறவரா என்ற கேள்விக்கு அதுவே பதில் சொல்லிவிடும். அங்கே இருந்த காலத்துக்குக் குறையாமல் ஊரில் இருந்துவிட்டுப் போவது பழக்கத்தில் உள்ள அளவுகோல். விதி இல்லை, ஆனாலும் பின்பற்றத் தகுந்தது.

அங்கே இருக்கும்போது வேலை கூடாது. மகனின் கடையில் கல்லாவில் உட்காருவதும் வேலை. சங்க விழாவில் ஆசைக்குப் பாடலாம். பாடிவிட்டு சன்மானக் கவர் வாங்கினால் அது வேறு வகை விசாவின் விஷயம். மருத்துவக் காப்பீட்டை விசா விதி கட்டாயமாக்கவில்லை என்பதற்காக எடுக்காமல் போய்விடாதீர்கள். எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு எதுவரை தருவார்கள் என்ற பகுதியை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

திரும்பும்போது நம்மூர்க்காரர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க விமான நிலையத்தில் வெளியேறுவதற்கு இமிக்ரேஷன் கவுன்டரே இருக்காது. விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியலிலிருந்துதான் நீங்கள் கிளம்பியது பதிவாகிறது. ஊர் வந்து சில நாள் கழித்து அதே ஐ-94 தளத்தில் பயண வரலாற்றைத் திறந்து, கிளம்பிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் விட்டுப்போவதும் உண்டு. அப்படியானால் அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள். போர்டிங் பாஸை இதற்காகவே பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்துவிட்டாலும், சென்னையில் இறங்கியதும் நம் அதிகாரி குத்திய வருகை முத்திரை தேதியோடு பாஸ்போர்ட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்துவிடுங்கள்.